ஹைட்ரஜனை நகர்த்தாதே

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து உன் அப்பாவுடையதைவிட எவ்வளவோ மேல். பைகார்பனேட் அயனிக்கு மூன்று உடனிசைவு அமைப்புகள் வரைந்திருக்கிறாய். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ஹைட்ரஜன் தன் இடத்தை விட்டு அடுத்த ஆக்சிஜனில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை அடித்துவிடு.

உடனிசைவில் எந்த அணுவும் அசையாது. தனித்த எலக்ட்ரான் இரட்டைகளையும் பை பிணைப்பையும் மட்டுமே மாற்றி எழுதலாம். ஹைட்ரஜன் நகர்ந்துவிட்டால் அது டாட்டோமெரிசத்தின் கணக்கில் போய்விடும். மூன்றாவது படம் வேண்டுமென்றால், ஹைட்ராக்சில் ஆக்சிஜன் தன் இரட்டை ஒன்றைக் கார்பனுக்குக் கொடுப்பதாக வரையலாம். ஆனால் அந்த ஆக்சிஜன் மேல் நேர்மின்சுமை ஏறும், மற்ற இரண்டு ஆக்சிஜனிலும் எதிர்மின்சுமை நிற்கும். மின்சுமை இப்படிப் பிரிந்து நிற்கும் அமைப்பின் பங்கு குறைவு. தேர்வில் இரண்டு வரைந்தால் போதும்.

ஒன்றுக்கு மேல் புரோட்டான் கொடுக்கும் அமிலம் என்றதும் எல்லோரும் தடுமாறும் இன்னொரு இடம் எலக்ட்ரான் எண்ணிக்கை. பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்துக்கொள். பாஸ்பரசுக்கு 5, நான்கு ஆக்சிஜனுக்கு 24, மூன்று ஹைட்ரஜனுக்கு 3, மொத்தம் 32. ஒரு புரோட்டான் போனதும் எத்தனை? அதே 32. புரோட்டான் வெறுங்கையோடுதான் போகிறது. பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரான்களும் ஆக்சிஜனிடமே தங்கிவிடுகின்றன. கடைசிப் புரோட்டானும் போய் பாஸ்பேட் ஆன பிறகும் 32தான். உன் இரண்டாவது பக்கத்தில் ஒரு படத்தில் 30 இருக்கிறது, எண்ணிப் பார்.

இப்போது பாஸ்பரசுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே ஒரு இரட்டைப் பிணைப்பு வைத்து, உங்கள் பாடப்புத்தகம் போலவே, வரிசையாக வரை. அமிலத்துக்கு முதன்மையான படம் ஒன்றுதான். டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுக்குச் சமமான படங்கள் இரண்டு, மோனோஹைட்ரஜன் பாஸ்பேட்டுக்கு மூன்று, பாஸ்பேட்டுக்கு நான்கு. இதை வரைந்துவிட்டு மூடி வைத்துவிடாதே. படத்தைப் படிக்க வேண்டும். முதல் அயனியில் ஒரு எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்கள் பங்கிடுகின்றன, ஆளுக்கு அரை. அடுத்ததில் இரண்டை மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் இரண்டு. கடைசியில் மூன்றை நான்கு பேர், ஆளுக்கு முக்கால். படங்களின் எண்ணிக்கை கூடக்கூட அயனி நிலைப்புத்தன்மை பெற்றுக்கொண்டே போகும் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வாக்கியம் இங்கேதான் சறுக்குகிறது. படம் கூடுகிறது, ஆனால் ஒவ்வொரு ஆக்சிஜனும் சுமப்பதும் கூடுகிறது. அதனால்தான் பி.கே.ஏ. மதிப்புகள் 2.15, 7.20, 12.35 என்று ஏறுகின்றன. ஒவ்வொரு படியிலும் அமில வலிமை ஏறத்தாழ லட்சம் மடங்கு குறைகிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை கொண்ட அயனியிலிருந்து நேர்மின்சுமை கொண்ட புரோட்டானைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதும் இதில் சேரும். முழுப் பெருமையையும் உடனிசைவுக்கே கொடுத்துவிடாதே.

சிட்ரிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளியும். அங்கே மதிப்புகள் 3.13, 4.76, 6.40. இடைவெளி எவ்வளவு சிறிது பார்! மூன்று கார்பாக்சில் தொகுதிகளும் ஒற்றைப் பிணைப்புக் கார்பன்களால் பிரிந்திருக்கின்றன. ஒரு தொகுதியில் தோன்றும் மின்சுமை அதன் இரண்டு ஆக்சிஜனுக்குள்ளேயே பரவும், பக்கத்துத் தொகுதிக்குத் தாண்டாது. ஆகவே மூலக்கூறு முழுவதற்கும் அம்பு போட்டுக் காகிதத்தை வீணாக்க வேண்டாம். ஒரு கார்பாக்சிலேட்டை ஒழுங்காக வரைந்தால் மற்ற இரண்டும் அதேதான்.

மூலக்கூறின் எலும்புக்கூட்டை முதலில் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் உண்டு, ஆனால் அதன் காரத்துவம் இரண்டுதான். ஒரு ஹைட்ரஜன் நேரடியாகப் பாஸ்பரசோடு பிணைந்திருக்கிறது, அது கழலாது. போரிக் அமிலம் இன்னும் விஷமம் பிடித்தது. மூன்று ஹைட்ராக்சில் வைத்திருந்தும் அவற்றிலிருந்து புரோட்டானைத் தருவதில்லை. நீரிலிருந்து ஹைட்ராக்சைடை வாங்கிக்கொண்டுதான் அமிலமாகிறது.

உங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று. பாஸ்பேட்டில் இரட்டைப் பிணைப்பே வைக்காமல், நான்கும் ஒற்றைப் பிணைப்பாக, பாஸ்பரஸ் மேல் ஒரு நேர்மின்சுமையும் ஒவ்வொரு ஆக்சிஜன் மேலும் ஒரு எதிர்மின்சுமையுமாக எழுதலாம். எண்ம விதி மீறப்படாது. நான்கு ஆக்சிஜனும் சமம் என்பதை ஒரே படம் சொல்லிவிடும். பாஸ்பரசின் டி ஆர்பிட்டால்கள் பிணைப்பில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை என்றே இன்றைய கணக்கீடுகள் காட்டுகின்றன. என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான படம். ஆனாலும் மதிப்பெண் தாளில் பாடப்புத்தகத்தின் படத்தையே போடு, வம்பு வேண்டாம். கார்பனேட்டில் இந்தக் குறுக்குவழி செல்லாது. அப்படி எழுதினால் கார்பனுக்கு ஆறு எலக்ட்ரான்தான் மிஞ்சும். அங்கே மூன்று படங்களும் கட்டாயம். கால்சைட் படிகத்தில் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு மூன்றும் ஒரே நீளம், ஏறத்தாழ 1.28 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப் பிணைப்புக்கு 1.43, இரட்டைக்கு 1.2 அளவில் வரும். அதாவது மூன்று படங்களில் ஒன்றுகூடத் தனியாக உண்மையில்லை; அயனி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டும் இல்லை. அதனால்தான் நடுவே சமநிலைக் குறி போடாமல் இருமுனை அம்பு போடுகிறோம். லைனஸ் பாலிங் 1930-களில் வளர்த்த இந்தக் கருத்து, இல்லாத அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லி 1951-இல் சோவியத் வேதியியலாளர்கள் மாஸ்கோவில் மாநாடு கூட்டியே கண்டித்தார்கள். அவர்களுக்கே குழப்பம் என்றால் உனக்கு வருவதில் வியப்பில்லை.

அடுத்து கந்தக அமிலத்தை எடு. கந்தகத்துக்கு இரண்டு இரட்டைப் பிணைப்பு வைத்து வரைந்தால், பைசல்பேட்டுக்கு மூன்று படமும் சல்பேட்டுக்கு ஆறு படமும் வர வேண்டும். நான்கிலேயே நின்றுவிட்டால் எங்கோ இரண்டை விட்டிருக்கிறாய். ஒவ்வொரு படத்தின் கீழும் 32 சரியா என்று எண்ணி எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வை.

அன்புடன்,
அத்தை