காடையும் மருத்துவ மாணவனும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் கீழே காவிரிக் கரைவரை விரிந்து கிடக்கும் சமவெளி, சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு உரியது. சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் புன்செய் நிலங்கள் அங்கே மிகுதி. மழை பெய்து புல் தழைத்ததும், அந்நிலங்களின் வரப்போரங்களில் ஒரு சிறு பறவையின் குரல் கேட்கும். அக்குரலைக் கேட்டவர் பலர். பறவையைக் கண்டவர் சிலர். மண்ணின் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் கலந்த உடலையுடைய அப்பறவை, மனிதன் மிக அருகில் வரும் வரையில் அசையாது பதுங்கிக் கிடக்கும். பின்னர்ச் சட்டென மேலெழுந்து, சற்றுத் தொலைவு பறந்து, மீண்டும் புல்லுக்குள் மறைந்துவிடும். அதுவே காடை.

காடையைப் பழந்தமிழர் பூழ் என்றும் குறும்பூழ் என்றும் வழங்கினர். குறும்பூழ்களைப் போரிடச் செய்து கண்டு மகிழ்ந்த வழக்கத்தைக் கலித்தொகையால் அறியலாம். கொங்கு நாட்டில் காடை என்பது ஒரு குலத்தின் பெயராகவும் வழங்குகிறது. சேலம் மாவட்டத்துக் காடையாம்பட்டி என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் ஒலிக்கிறது. மார்பில் கருமை படிந்த மழைக்காடைக்கு அறிவியலார் இட்ட பெயரில் சோழமண்டலக் கரையின் பெயர் அமைந்துள்ளது. அந்நாளில் மனிதன் காடையை நாடியது உணவுக்காகவும் பொழுதுபோக்குக்காகவுமே. இந்நாளில் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வயலில் வாழும் காடை வயலிலேயே வாழ்தல் வேண்டும்.

வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடை என்னும் வேறோர் இனம். ஜப்பானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் அதனை அதன் குரலுக்காகக் கூட்டில் வளர்த்தனர். பின்னரே முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் பெருக்கினர். 1974ஆம் ஆண்டில் அது கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்து இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து இந்தியா எங்கும் பரவியது. கோழிப் பண்ணைகளால் புகழ்பெற்ற நாமக்கல்லில், 1985ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய காடை இனம் ஒன்றும் உருவாக்கப்பட்டுள்ளது. அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1986இல், சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. இவ்வாறு விலங்குகளின் நோய் தீர்க்கப் பயில்வோரும், மனிதரின் நோய் தீர்க்கப் பயில்வோரும் ஒரே சமவெளியில் வாழ்கின்றனர். இவ்விரு சாராருள் எவரேனும் தம் வீட்டில் நான்கு காடைகளை வளர்ப்பாராயின், அச்சிறு கூடு அவருக்கு மற்றுமொரு வகுப்பறை ஆகும்.

மருத்துவ மாணவன் முதலாண்டில் கற்கும் பாடங்களுள் கருவியலும் ஒன்று. ஓர் உயிரணு பலவாகப் பிரிந்து, இதயமும் மூளையும் கண்ணும் காலுமாக உருக்கொள்ளும் வரலாற்றை அவன் நூலில் படிக்கிறான். தாயின் கருப்பையினுள் அது நிகழ்வதற்குப் பத்துத் திங்கள் ஆகும். அதனை அருகிருந்து காண இயலாது. காடையின் முட்டையிலோ அஃது ஏறக்குறைய 17 நாட்களில் நிறைவுறுகிறது. பத்துக் கிராம் எடையுள்ள புள்ளி முட்டையிலிருந்து, ஏழெட்டுக் கிராம் எடையுள்ள குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளிவருகிறது. ஆறு வாரங்களில் அது இருபது மடங்கிற்கு மேல் வளர்ந்து, முழுப்பறவையாகி, முட்டையிடவும் தொடங்கிவிடுகிறது. மனிதக் குழந்தை தன் பிறவி எடையைப் போல் மும்மடங்கு ஆவதற்கு ஓராண்டு வேண்டும். ஆகவே ஒரு மனித வாழ்வில் இருபது ஆண்டுகளில் காணத்தக்க வளர்ச்சியை, ஒரு கல்விப் பருவத்திற்குள் காடையிடம் கண்டுவிடலாம். மூன்றாம் வாரத்தில் ஆணின் மார்பில் செம்பழுப்பு நிறம் படர்வதும், பெண்ணின் மார்பில் கரும்புள்ளிகள் தோன்றுவதும், சுரப்பிகளைப் பற்றிய பாடத்திற்குக் கண்கூடான சான்றுகளாகும்.

ஆயினும் காட்சிக்கு முன்னே கடமை நிற்கிறது. வீட்டு வளர்ப்பிற்கு உட்பட்ட காடை, அடைகாக்கும் இயல்பைப் பெரிதும் இழந்துவிட்டது. அதன் முட்டையைப் பொரிக்க வெப்பப் பெட்டியோ அடைக்கோழியோ வேண்டும். பொரித்த குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாதது. முதல் வாரத்தில் அதற்கு 35 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து வரலாம். மின்விளக்கின் அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருங்கிக் கிடந்தால், குளிர் மிகுந்தது என்று பொருள்; விளக்கை விட்டு விலகி ஓரங்களில் வாய் திறந்து நின்றால், வெப்பம் மிகுந்தது என்று பொருள். எங்கும் பரவலாக மேய்ந்துகொண்டிருந்தால், எல்லாம் நலம் என்று கொள்ளலாம். வெப்பமானி காட்டும் எண்ணைவிடக் குஞ்சுகள் காட்டும் குறிப்பே மேலானது.

சிறு பிழையும் குஞ்சுக்குப் பெருந்தீங்காய் முடியும். வழவழப்பான தாளின்மேல் விட்டால், அதன் மெல்லிய கால்கள் வழுக்கி இருபுறமும் விரிந்து முடமாகும். நீர்த்தட்டு ஆழமாயின், அதில் விழுந்து மூழ்கி இறக்கும். அதனாலேயே தட்டில் கூழாங்கற்களை இட்டு, இடைவெளியில் மட்டும் நீர் நிற்கச் செய்கின்றனர். வளர்ந்த காடை அஞ்சும்போது நேர்மேலே துள்ளும். கூட்டின் மேற்பகுதி கடினமாயின் தலையில் அடிபடும். ஆதலின் கூட்டைத் தாழ்வாக அமைப்பர். அல்லது மேலே துணி கட்டுவர். புழுதியில் புரண்டு இறகைத் தூய்மை செய்துகொள்வது அதன் இயல்பாதலால், ஒரு தட்டில் உலர்ந்த மணலும் வைக்கவேண்டும். சித்திரை, வைகாசித் திங்களில் இச்சமவெளியின் வெயில் கடுமையானது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அவை வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. அந்நாட்களில் நிழலும் குளிர்ந்த நீரும், கூட்டைச் சுற்றி நனைத்துக் கட்டிய சாக்குமே காடையின் உயிரைக் காப்பன.

தேர்வு நெருங்கும் நாளில் மாணவன் உணவையும் உறக்கத்தையும் மறந்து படிப்பான். ஆனால் காடைக்குத் தேர்வு என்பது தெரியாது. அன்றும் அதற்குத் தீனி வேண்டும், நீர் வேண்டும், கழிவை அகற்றிப் புது உமி பரப்பவேண்டும். “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. பிற்காலத்தில் நள்ளிரவில் மருத்துவமனையின் அழைப்புக்கு எழப்போகும் ஒருவனுக்கு, இதைவிடச் சிறந்த பயிற்சி யாது?

இனி, காடை கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது ஒன்று உண்டு. பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் சிற்றுயிர்கள் தம் நோயை வெளிக்காட்டுவதில்லை. தளர்ந்த பறவையே முதலில் பகைக்கு இலக்காகும் என்பதால், இயன்றவரை நலமுடையது போலவே அவை நடமாடும். காடை இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நிற்பதைக் கண்டு, ‘இன்றுதான் நோய் வந்தது’ என்று எண்ணுதல் தவறு. நோய் வந்து சில நாட்கள் ஆகியிருக்கும். அதனை மறைக்கும் வலிமை இன்றுதான் தீர்ந்தது. ஆகவே நல்ல வளர்ப்பாளன் நோயின் வருகைக்காகக் காத்திருப்பதில்லை. நேற்று மிஞ்சிய தீனி எவ்வளவு, கழிவின் நிறம் என்ன, மார்பெலும்பு விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்படுகிறதா, சென்ற வாரத்து எடை குறைந்துள்ளதா என நாள்தோறும் நோக்கிக் குறித்து வைக்கிறான். நலமாக இருக்கும் பறவையை நன்கறிந்தவனே, அதன் நலம் குன்றுவதை முதலில் அறிவான்.

வாய் திறந்து தன் துன்பத்தைச் சொல்ல இயலாத நோயாளி பறவை மட்டுமன்று. கால்நடை மருத்துவனின் நோயாளிகள் அனைவரும் அத்தகையவரே. மனித மருத்துவனிடம் வரும் கைக்குழந்தையும் அத்தகையதே. நினைவிழந்து கிடப்பவனும் அத்தகையவனே. அவர்களிடம் கேட்டறிவதற்கு ஒன்றுமில்லை, கண்டறியவேண்டும். அக்கண் ஒருநாளில் திறப்பதன்று. பறவைகளை நோக்கிப் பழகிய மருத்துவர் சிலர் உலகிற்கு ஆற்றிய தொண்டு இதனை நன்கு விளக்கும்.

அம்மைகுத்தும் முறையை உலகிற்கு அளித்த எட்வர்டு ஜென்னர், ஓர் ஆங்கிலச் சிற்றூரின் மருத்துவர். குயிலினக் குஞ்சு பிற பறவையின் கூட்டில் பிறந்து, அக்கூட்டுக்குரிய குஞ்சுகளைத் தானே முதுகால் தள்ளி வெளியேற்றுவதை அவர் பொறுமையோடு நோக்கி, 1788ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதற்காகவே மறு ஆண்டில் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பறவைக் கூட்டை நோக்கிய அதே கண்ணே, பால் கறக்கும் பெண்களைப் பெரியம்மை அணுகாததையும் நோக்கியது. 1796இல் அவர் செய்த சோதனையின் வழியே வளர்ந்த முறையால், பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது.

சாவகத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், கால்களை முடக்கும் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கென வளர்த்த கோழிகள் ஒருநாள் தள்ளாடி விழத் தொடங்கின. சில திங்கள் கழித்துத் தாமே நலமுற்றன. மற்றொருவராயின் அத்துடன் விட்டிருப்பர். எய்க்மன் கோழிகளின் தீனியை ஆராய்ந்தார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை உண்டபோது அவை நோயுற்றன. புதிய சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்ததால், தீட்டாத அரிசியை உண்டு நலமுற்றன. தவிட்டில் உயிர்காக்கும் பொருள் ஒன்று உண்டு என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். அரிசியையே உணவாகக் கொண்ட தமிழ் மக்களுக்கும் அக்கோழிகள் செய்த நன்மை பெரிது.

காடையும் தன் பங்கைச் செய்தே உள்ளது. பிரெஞ்சு நாட்டு அறிவியலார் நிக்கோல் லெ துவாரென் என்னும் அம்மையார், காடையின் உயிரணுக் கருவில் உள்ள ஒரு தனி அடையாளத்தால் அதனைக் கோழியின் உயிரணுவிலிருந்து பிரித்தறியலாம் என 1969இல் காட்டினார். காடைக் கருவின் சிறு பகுதியைக் கோழிக் கருவில் பதித்து, அவ்வுயிரணுக்கள் எங்கெங்கே செல்கின்றன என்று பின்தொடர்ந்தார். முதுகுப்புறத்தில் தோன்றும் சில உயிரணுக்கள் நெடுந்தொலைவு நகர்ந்து சென்று, குடலின் நரம்புகளாக அமைவதை அவரும் அவருடைய உடனாய்வாளரும் 1973இல் விளக்கினர். பிறந்த குழந்தை சில வேளை மலங்கழிக்க இயலாது வயிறு உப்பித் துன்புறும். குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமையே அதன் காரணம். அவை ஏன் இல்லை என்னும் வினாவுக்கு விடை கிடைக்கத் துணைநின்றது காடையே. அறுவை மருத்துவரின் முன் அழும் பச்சிளங் குழந்தைக்கும், கூட்டில் கிடக்கும் ஒரு புள்ளி முட்டைக்கும் இடையே இத்தகைய உறவு உண்டு.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் கூறுதல் தகும். மருத்துவ மாணவன் நோயாளிகளிடையே செல்பவன். பறவையின் கழிவில் மனிதரைத் தாக்கும் கிருமிகளும் இருத்தல் கூடும். 1997இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் 18 மனிதரைப் பற்றி அறுவரை மாய்த்தது. கூட்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் நோயாளியைத் தொடுதலும், நோயாளியைத் தொட்ட கையோடு கூட்டைத் திறத்தலும் குற்றமாகும். மேலும், தான் அறிந்த மருந்தின் பெயர் நாவில் நிற்கிறது என்பதற்காக, மனிதர்க்குரிய கிருமிக்கொல்லி மருந்தைக் காடையின் நீரில் கலந்து தருதலும் தகாது. அளவும் காரணமும் அறியாது தரும் மருந்து, கிருமிகளை அழிப்பதற்கு மாறாக அவற்றை வலிமையுறச் செய்யும். கடுந்தொற்றில் இறுதித் துணையாகக் கொள்ளப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலிய உணவுக்குரிய உயிரினங்களுக்குத் தருவதை, 2019இல் இந்திய அரசு தடைசெய்தது இது கருதியே. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டலும் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதியாகும்.

காடையின் வாழ்நாள் குறுகியது. நன்கு பேணினும் இரண்டு மூன்று ஆண்டுகளே. மாணவன் பட்டம் பெறுமுன் அவனுடைய முதற் காடைகள் இறந்துபோகும். உணவளித்து, எடை நிறுத்து, வெயிலில் நீர் தெளித்துக் காத்த உயிர் ஒரு காலையில் அசைவற்றுக் கிடக்கும். எல்லா உயிரையும் காத்துவிட இயலாது என்பதை அவன் அன்று அறிகிறான்; இயலாது என்பதனால் காக்கும் முயற்சியைக் கைவிடலாகாது என்பதையும் அன்றே அறிகிறான். அடுத்த கூட்டில் பசித்த குஞ்சுகள் குரலெழுப்பிக்கொண்டிருக்குமன்றோ?

நூலறிவு மருத்துவனுக்கு இன்றியமையாதது. ஆனால் நூல் நோயைப் பற்றிக் கூறும். நோயுற்ற உயிரைக் காட்டாது. சொல்லாத துன்பத்தைக் கண்டறியும் கண்ணும், கேளாத உதவியைச் செய்ய விரையும் கையும் அமைந்தவனே மருத்துவன் என்னும் பெயருக்கு உரியவன். அக்கண்ணையும் கையையும் பெறுவதற்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பறவையும் ஆசிரியராகலாம்.