டாக்டர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளே, தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்!

ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று வெளிநாடு போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பிய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பட்டம் கையில் இருந்தாலும் இங்கே உடனே வைத்தியம் பார்த்துவிட முடியாது. 2002-ல் தொடங்கிய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். மொத்தம் 300 கேள்விகள். 150 மார்க் எடுத்தால் பாஸ். அதன் பிறகே மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவும், ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் வேலையும்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கமிருந்து என்னிடம் வரும் இந்தப் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "ராத்திரி மூணு மணி வரைக்கும் படிக்கிறேன் சார். காலையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது!" கூடவே கண் எரிச்சல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல். உடன் வரும் அம்மா, "ஞாபகசக்திக்கு ஒரு லேகியம் கொடுங்களேன்" என்பார்.

லேகியம் இருக்கட்டும். அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், தும்மல் போல நித்திரையும் அதில் ஒன்று. அதை அடக்கினால் தலைபாரம், கண் சிவப்பு வரும். இன்றைய மூளை ஆராய்ச்சியும் இதை ஒட்டியே பேசுகிறது. பகலில் படித்தது மனதில் நன்றாகப் பதிய இரவுத் தூக்கம் தேவை. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

சரி, என்ன செய்யலாம்?

1. இரவு 10.30-க்குப் படுத்து 5.30-க்கு எழுந்திருங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே இதைப் பழக்குங்கள்.

2. மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். ராத்திரி 8 மணிக்குள் இட்லி, இடியாப்பம் போல லேசாகச் சாப்பிடுங்கள். பரோட்டா வேண்டவே வேண்டாம்.

3. படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காமல், புத்தகத்தை மூடிவிட்டு உங்களையே கேள்வி கேளுங்கள். தேர்வில் 150 கேள்விக்கு 150 நிமிஷம்தான். வீட்டிலும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். எதையும் விடாமல் எழுதுங்கள்.

4. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் பாருங்கள்.

5. வாரம் ஒருமுறை எண்ணெய் முழுக்கு நல்லது. அன்று பகல் தூக்கம் கூடாது. வழக்கமில்லாதவர்கள் தேர்வு நெருங்கும்போது புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

வல்லாரைத் துவையல் வாரம் இருமுறை சாப்பிடலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவும். விளம்பரம் பார்த்து ஞாபக மாத்திரையோ, தூக்கம் வராமலிருக்க மாத்திரையோ வாங்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேர்வு பொதுவாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஒருமுறை தவறினால் எல்லாம் போய்விடாது. "எவ்வளவு செலவு பண்ணினோம்" என்று தினமும் சொல்லிக் காட்டாதீர்கள். பிள்ளை யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் அறையிலேயே அடைந்து கிடந்தால் திட்டாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் லேகியத்தைத் தேடாமல் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை பெறலாம்.