மருத்துவக் கல்விக்கு முன் ஓராண்டு நிற்றல் தகுமா?

மெய்கண்ட தேவர் பிறந்த ஊர் எனச் சைவர் போற்றும் பெண்ணாடம், விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடையே, வெள்ளாற்றை அடுத்துள்ளது. அவ்வூரினின்றும் வந்த மாணாக்கர் ஒருவர், நம் கல்லூரி விலங்கியல் வகுப்பிற்குரிய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே எம்மை அணுகி, “ஐயா, இவ்வாண்டு நீட் தேர்வு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. இவ்வகுப்பிற் சேர்ந்துவிடலாமா? அன்றி, ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதலாமா?” என வினவினார். அப்பொழுது யாம் இறுத்த விடை அரைகுறையானது. பின்னர் ஆராய்ந்து தெளிந்தவற்றை, அவரையொத்த பிறர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு வரைகின்றோம்.

ஓராண்டு நிற்றல் என்னும் சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதன்று. இங்கிலாந்தில் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற மாணவன், கல்லூரி இசையுமாயின், அவ்விடத்தை அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைத்துவிட்டு அமைதியாயிருக்கலாம். அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்பின் பின்னரே தொடங்குவது. அங்குச் சேர்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இடையே ஓராண்டேனும் கழித்தவர்கள். அவ்விடைக்காலத்தில் அவர்கள் ஆய்வுக்கூடத்திலோ மருத்துவமனையிலோ பணி செய்கின்றனர். பின்னர் நேர்முகத்தில் அப்பணியே அவர்களுக்காகப் பேசுகின்றது. நம் நாட்டிலோ எம்.பி.பி.எஸ். இடத்திற்கு நேர்முகம் என்பது இல்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் எவ்வளவு பெற்றோம் என்பதே பேசும். அம்மதிப்பெண்ணும் எழுதிய ஆண்டிற்கு மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே, அங்கே அநுபவ ஆண்டாக இருப்பது இங்கே பயிற்சி ஆண்டாகச் சுருங்கிவிட்டது. “அமெரிக்காவில் நிற்கிறார்களே” என்று ஒருவர் சொல்லக் கேட்டு நிற்பாரேல், அவர் வேறொரு பொருளை நம்பி நிற்கின்றவராவார்.

நம் மாகாணத்தில் இவ்வினா முன்பு இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ஒழிந்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தை முடிவு செய்தது. 2017இல் நீட் தேர்வு தமிழ்நாட்டு அரசிடங்களுக்கும் கட்டாயமாயிற்று. நீதியரசர் ஏ. கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையைப் பார்த்தால் அதன் விளைவு தெரியும்: 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தோரில் மீண்டும் எழுதியவர் நூற்றுக்கு 12.47 பேர், 2020-21இல் அவர் நூற்றுக்கு 71.42 பேர். அஃதாவது, ஒருமுறை எழுதித் தவறியவர் தாம் மட்டும் பின்தங்கியதாக எண்ணி வருந்துவது கணக்கறியாத வருத்தம். எனினும் அதே கணக்கிற்கு மற்றொரு முகமும் உண்டு. நிற்க வசதியுள்ளவர் நின்றனர்; வசதியில்லாதவர் விலகினர். அவ்வறிக்கையைப் படிக்குங்கால் எமக்கு இப்பின்முகமே பெரிதாகத் தோன்றிற்று.

வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் வாழ்ந்த அனிதாவை இப்பகுதியில் அறியாதார் இலர். கூலித் தொழிலாளி ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றவள். நீட் தேர்விலோ 720க்கு 86. அவ்வாண்டிற்கு விலக்குக் கிடைக்கும் என ஒரு திங்களும், கிடையாது என மறு திங்களும் செய்தி வந்துகொண்டிருக்க, ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் நீட் வழியே சேர்க்கை நடத்துமாறு ஆணையிட்டது. செப்டம்பர் 1, 2017 அன்று அவள் இறந்தாள். அவளை எடுத்துக்காட்டாக்கிப் பாடம் சொல்ல எமக்கு மனமில்லை. ஒன்று மட்டும் கூறுவோம்: தேர்வு முடிவு வரும் நாட்களில் மனச்சுமை தாங்காத மாணாக்கர் எவரும் தனித்திருத்தல் ஆகாது. வீட்டாரிடம் பேசுக, எம்மிடம் வருக, இரவாயின் 104 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் பேசுவதற்கு ஆள் உண்டு.

இனி வேறொரு காத்திருப்பைக் கூறுவோம். பெண்ணாடமும் திண்டிவனமும் முன்னாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியவை. அத்திண்டிவனத்திற்கு 1890ஆம் ஆண்டில், அமெரிக்காவிற் பள்ளிப்படிப்பு முடித்து, நோயுற்ற தாயாருக்குத் துணையாயிருக்க வந்தவர் ஐடா ஸ்கடர். தந்தையார் மருத்துவ மிஷனரி. மகளாருக்கோ மருத்துவத்திலும் நாட்டமில்லை, மிஷன் தொண்டிலும் நாட்டமில்லை. ஓர் இரவில் பிராமணர் ஒருவரும், முகமதியர் ஒருவரும், உயர்குல இந்து வேறொருவருமாக மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் வருந்தும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு அவர் கூற, ஆடவர் மருத்துவம் பார்த்தல் தம் வழக்கத்திற்கு ஒவ்வாது என மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் மாண்டனர். அதன் பின்னரே ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றபோது அவருக்கு அகவை 28. 1918இல் வேலூரில் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே இற்றைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. (அக்கல்லூரி தானும் ஓராண்டு நின்றதுண்டு. தன் சேர்க்கை முறைக்கு நீட் பொருந்துமா என்னும் வழக்கினிடையே, 2017இல் எம்.பி.பி.எஸ். 100 இடங்களில் ஒன்றனை மட்டும் நிரப்பி ஏனையவற்றை வெறுமையாக விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது.)

ஐடா அம்மையாரின் திண்டிவன வாழ்வை யாரும் வீணான காலம் என்னார். ஆயின் அதனை நம் மாணாக்கர்க்கு அப்படியே பொருத்துதல் நேர்மையன்று. அவருக்குத் தந்தையாரின் வீடு இருந்தது. கடல்கடந்து செல்லப் பொருளுதவி இருந்தது. ஒரு தேர்வின் கட்டங்களுள் அடைபட்ட வாழ்வும் அன்று அது. யாம் அதனிடத்துக் கொள்வது ஒன்றே: அவர் மருத்துவத்தை விரும்பியது, மருத்துவம் இல்லாத இடத்தைக் கண்டபின். நம் மாணாக்கரோ பதினேழாம் அகவையில், பெரும்பாலும் மருத்துவமனையின் உட்புறம் காணாமலே, இவ்விருப்பத்தைச் சுமக்கின்றனர். பெண்ணாடத்து மாணாக்கரை, “நோயாளிகள் வரிசையில் நிற்கும் காலை வேளையில் எப்பொழுதேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்ததுண்டா?” என வினவினோம். “ஊசி போடப் போயிருக்கிறேன்” என்றார்.

ஆயினும் விருப்பம் மெய்யெனினும் மதிப்பெண் வேண்டுமன்றோ? 2024ஆம் ஆண்டில் 23 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தேர்வெழுதினர். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓரிலட்சத்திற்குச் சிறிது மேல். இந்நெருக்கத்தில் ‘அடுத்த முறை நன்றாக எழுதுவேன்’ என்பது ஆசை, கணக்கன்று. கணக்கு விடைத்தாளில் இருக்கின்றது. வினாக்கள் 180: உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறாயின் ஒன்று கழியும். ஆதலின் ஒரு தவற்றைச் சரியாக்கினால் 5 மதிப்பெண் ஏறும். தெரியாத வினாவை எழுதாது விட்டாலே ஒன்று மிஞ்சும். தம் விடைகளையும் அரசு வெளியிடும் திறவுகோலையும் அருகருகே வைத்துத் தவறியவற்றை மாணாக்கர் தாமே பிரித்துப் பார்த்தல் வேண்டும்: அறிந்திருந்தும் விரைவால் தவறியவை எத்தனை, குருட்டாம்போக்கில் எழுதியவை எத்தனை, பாடமே அறியாதவை எத்தனை. முன்னிரண்டும் மிகுமாயின் சில மாதப் பயிற்சியிலேயே திருந்தும். முழு ஆண்டு வேண்டுவதில்லை. மூன்றாவது மிகுமாயின் பதினோராம் வகுப்பு நூலினின்றே தொடங்கல் வேண்டும்; மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பதனாற் பயனில்லை. நம் மாணாக்கர் இவ்வாறு பிரித்துக் கொணர்ந்ததில் உயிரியல் நன்றாகவே இருந்தது. இயற்பியலில் ஏறக்குறையப் பாதி வினாக்கள் குருட்டாம்போக்கு.

அடுத்தது வீட்டு நிலை. பிள்ளையை ஓராண்டு வைத்திருப்பது பயிற்சிக் கட்டணம் மட்டுமன்று. அவ்வாண்டில் அவன் ஈட்டக்கூடிய கூலியும், தங்கையின் படிப்பும் அதனுள் அடங்கும். கடன் பட்டு நாமக்கல்லுக்கோ இராஜஸ்தானத்துக் கோட்டாவுக்கோ அனுப்புமுன், அரசு நடத்தும் இலவசப் பயிற்சியை வினவியறிதல் நன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கியிருக்கின்றது. கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. மீண்டும் எழுதுவோரும் இவ்வுரிமையை இழப்பதில்லை. அச்சட்டத்தின் முன் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளியாரே அரசு மருத்துவக் கல்லூரி புகுந்தனர். இப்பொழுது ஆண்டுதோறும் பல நூற்றுவர். அகவையைப் பற்றிய அச்சமும் வேண்டா. மேல் எல்லை 2022இல் நீக்கப்பட்டது.

“கல்லூரியிற் சேர்ந்துகொண்டே எழுதலாகாதா?” எனின், ஆகும். வீட்டில் வெறிதே இருந்து அயலார் வினாக்களுக்கு விடை கூறுவதினும் அது பலர்க்கு நலமே. ஆனால் ஓர் இடர் உண்டு: 2024இலும் 2025இலும் நீட் தேர்வு மே மாதத்து முதல் ஞாயிறன்று நடந்தது, நம் பருவத் தேர்வும் அவ்வேளையிலேயே நெருங்கி வரும். இரண்டையும் சுமக்க வலியில்லாதவர் ஒன்றை விடுதலே நன்று. எதை விடுவது என்பதைச் சனவரியிலேயே முடிவு செய்தல் வேண்டும். ஏப்ரலில் முடிவு செய்பவர் இரண்டையும் இழப்பர். இதனை யாம் ஒருமுறைக்கு மேற் கண்டிருக்கின்றோம்.

பெண்ணாடத்து மாணாக்கர் இப்பொழுது முதலாண்டு விலங்கியல் வகுப்பில் இருக்கின்றார். மாலையில் இயற்பியல் விரிவுரையாளரிடம் பதினோராம் வகுப்புக் கணக்குகளைச் செய்கின்றார். “இன்னும் ஒரு முறை, அதற்குமேல் இல்லை” எனத் தந்தையாரும் மகனும் பேசி முடித்துக்கொண்டனராம். விடுமுறையில் ஊர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டெழுத உதவுவதற்கு இசைவு கேட்டுச் சென்றவரை, முதல் நாள் வாயிலிலேயே திருப்பியனுப்பிவிட்டார்கள். மறுநாளும் சென்றிருக்கின்றார்.