வழி மாறினும் குறி மாறாதவர்

அயல்நாட்டிற்குச் செலவு மேற்கொள்வோர், புறப்படுமுன் செல்லும் வழியை வகுத்துக்கொள்வர்; தங்கும் இடங்களையும் நாள்களையும் குறித்துக்கொள்வர். ஆயினும், வகுத்தவாறே செலவு முற்றுப்பெறுதல் அரிது. மழை, வெள்ளம், போர், பஞ்சம், கள்வர் தொல்லை முதலியன இடையே குறுக்கிடும். அவ்வேளையில் எதனை விடுவது, எதனை விடாது பற்றுவது என ஆராய்ந்து தெளிதலே வழிச்செல்வோர்க்கு இன்றியமையாத அறிவாகும். அவ்வறிவு நிரம்பப் பெற்றவர் சீன நாட்டுத் துறவியாகிய யுவான் சுவாங்.

அவர் வாழ்ந்த காலத்தில் சீன மொழியில் வழங்கிய பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆசிரியர் பலரை வினவியும் அவருடைய ஐயம் தீரவில்லை. ஆதலின், பாரத நாட்டிற்கே சென்று, யோகாசார நூல்களை மூலமொழியிற் கற்றுவர வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். அந்நாளில் இசைவின்றி நாட்டெல்லையைக் கடத்தல் ஆகாது என்பது அரசன் ஆணை. உடன்வர எண்ணியிருந்த துறவியர் அவ்வாணைக்கு அஞ்சிப் பின்வாங்கினர். யுவான் சுவாங் பின்வாங்கவில்லை. கி. பி. 629-ஆம் ஆண்டில் அவர் தலைநகரை விட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார் என்பது வழிவழி வந்த வரலாறு. அப்பொழுது அவர் முப்பது அகவையும் நிரம்பாத இளைஞர்.

எல்லைக் காவலைக் கடந்ததும் பெரும் பாலைவனம் எதிர்ப்பட்டது. துணைக்கு இருந்தது ஒரு கிழக்குதிரையே. இடைவழியில் ஓர் ஊற்று உண்டென்று கேள்வியுற்றிருந்தார். வழி தவறியமையால் அதனைக் காண இயலவில்லை. நீர் பருக எடுத்த தோற்பை கைதவறி வீழ்ந்து, இருந்த நீர் முழுதும் மணலிற் பாய்ந்தது. வேறு வழியின்றி அவர் வந்த திசையே திரும்பிச் சிறிது தொலைவு நடந்தார். பாரத நாட்டை அடையுமுன் கிழக்கு நோக்கி ஓரடியும் எடுத்து வையேன் என்று தாம் உரைத்த உறுதிமொழி அப்பொழுது அவர் நினைவிற்கு வந்தது. திரும்பி வாழ்வதினும் முன்சென்று மாய்தல் நன்று எனத் துணிந்து, மீண்டும் மேற்கே நடந்தார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் வாய்க்கவில்லை. ஐந்தாம் இரவில், முன்பு பன்முறை அவ்வழியிற் சென்று பழகிய அக்குதிரை, தானே வேறொரு பக்கம் திரும்பி அவரைப் புல்லும் நீரும் உள்ள இடத்திற் கொண்டு சேர்த்தது.

பாலையைக் கடந்தபின் வந்த இடையூறு வேறு வகையானது. துர்பான் என இன்று வழங்கும் பகுதியை ஆண்ட மன்னன், அவருடைய புலமையைக் கண்டு வியந்து, வாழ்நாள் முழுதும் தன் நாட்டிலேயே குருவாக இருத்தல் வேண்டும் என்றான். அவர் மறுக்கவே, செலவைத் தடுக்க முற்பட்டான். பாலையின் வெம்மையை வென்றவரை மன்னன் அளித்த சிறப்பு மயக்கவில்லை. அவர் உண்ணா நோன்பு மேற்கொண்டார். மூன்று நாள் உணவும் நீருமின்றி இருந்தவரைக் கண்டு மன்னன் மனம் மாறினான். ஒரு திங்கள் தங்கி அறவுரை கூறுமாறும், மீளும்போது மூன்றாண்டு தன்னுடன் உறையுமாறும் வேண்டினான். அவரும் இசைந்தார். மன்னன் 30 குதிரைகளையும், வழியிலுள்ள அரசர்களுக்கு 24 திருமுகங்களையும் அளித்து வழியனுப்பினான். தடையாக நின்றவனே துணையாயினான்.

பாரத நாட்டை அடைந்த யுவான் சுவாங், நாலந்தாவில் சீலபத்திரர் என்னும் பேராசிரியரிடம் யோகாசார நூலைக் கற்றார். சீலபத்திரரின் ஆசிரியராகிய தருமபாலர் நம் காஞ்சிமாநகரிற் பிறந்தவர். கற்கத் தக்கன இன்னும் ஈழத்தில் இருக்கக்கூடும் என எண்ணிய யுவான் சுவாங், வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தித் துறையிலிருந்து கப்பலேற முனைந்தார். நெடுங்கடற் செலவு இடர் மிக்கது. தெற்கே சென்று கடந்தால் மூன்று நாளில் அடையலாம் என்று தென்னாட்டுத் துறவி ஒருவர் அறிவுறுத்தினார். அதனை ஏற்று அவர் நிலவழியே கலிங்கம், ஆந்திரம் முதலிய நாடுகளைக் கடந்து, ஏறத்தாழக் கி. பி. 640-இல் காஞ்சியை வந்தடைந்தார். அப்பொழுது அங்கு ஆட்சி புரிந்தவன் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன்.

அங்கே அவர் எதிர்பாராத செய்தி ஒன்றைக் கேட்டார். ஈழ வேந்தன் இறந்தான். நாட்டிற் குழப்பமும் பஞ்சமும் மிக்கன. அங்கிருந்த துறவியரே கடல் கடந்து காஞ்சிக்கு வந்துள்ளனர். கடல் கடத்தல் ஒன்றே எஞ்சியிருந்த நிலையில் வழி அடைபட்டது. அவர் வந்த துறவியரை அணுகி, யோகாசார நூலின் அரிய பகுதிகளைப் பற்றி வினவினார். அவர்கள் கூறிய விளக்கம் சீலபத்திரர் உரைத்ததனினும் மேம்படவில்லை. தாம் நாடிச் சென்ற பொருள் அங்கு மிகுதியாக இல்லை என்பதை உணர்ந்தார். ஈழச் செலவைக் கைவிட்டு, மேலைக் கரை நாடுகளை நோக்கித் திரும்பினார்.

பாலையில் உயிர் போகும் நிலையிலும் திரும்பாதவர், மன்னன் தடுத்தபோதும் இணங்காதவர், காஞ்சியில் எளிதில் திரும்பியது ஏன்? முன்னைய இரண்டிடத்தும் திரும்பியிருப்பின் அவர்தம் குறிக்கோளே அழிந்திருக்கும். காஞ்சியில் மாறியது வழியே, குறிக்கோள் மாறவில்லை. ஊரைக் காண்பது அவர் நோக்கமன்று. நூலைக் கற்பதே நோக்கம். இவ்வேறுபாட்டை அறியாதார் சிறு தடைக்கும் குறிக்கோளைக் கைவிடுவர். அன்றி, பயனில்லாத வழியையும் பிடிவாதத்தால் பற்றி நின்று அழிவர்.

தாயகம் மீளும்போதும் இடர்கள் தொடர்ந்தன. சிந்து ஆற்றைக் கடக்கையில் காற்றும் அலையும் எழுந்து படகு தத்தளித்தது. ஏடுகளைக் காத்துவந்தவன் நீரில் வீழ்ந்து மீட்கப்பட்டான். ஆனால், ஐம்பது சுவடிகள் ஆற்றோடு போயின. யுவான் சுவாங் புலம்பி நிற்கவில்லை. கரையில் ஐம்பது நாளுக்கு மேல் தங்கி, அண்டை நாட்டிற்கு ஆளனுப்பி, இழந்த நூல்களுள் சிலவற்றைப் படியெடுத்து வரச் செய்தார். துர்பான் மன்னனுக்கு அளித்த வாக்கை மட்டும் அவரால் நிறைவேற்ற இயலவில்லை. கி. பி. 640-இல் அம்மன்னன் இறந்தான். அவன் நாடும் சீனப் பேரரசின் வசமாயிற்று. எனவே, அவர் கோட்டான் வழியே சென்றார். இசைவின்றிச் சென்றமையை அங்கிருந்து பேரரசனுக்கு எழுதினார். மறுமொழி வரும்வரை பல திங்கள் காத்திருந்தார். பேரரசன் அவரை மகிழ்வுடன் வரவேற்றான்.

கி. பி. 645-இல் அவர் 657 நூல்களுடன் தலைநகரை அடைந்தார். அவற்றைச் சுமந்துவர இருபது குதிரைகள் வேண்டியிருந்தன. 664-இல் மறையும்வரை ஓயாது உழைத்து, 75 நூல்களை மொழிபெயர்த்தார். 646-இல் நிறைவுற்ற அவர்தம் செலவுக் குறிப்பு பன்னிரண்டு பகுதிகளை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்ஹாம் என்னும் தொல்பொருளறிஞர், மண்ணிற் புதையுண்ட நாலந்தா முதலிய இடங்களைக் கண்டறிய அக்குறிப்பே கைவிளக்காயிற்று. தாம் காணாத ஈழத்தைப் பற்றியும், கேட்டறிந்தவற்றை அவர் அதில் எழுதி வைத்தார்.

இடையூறு இல்லாத செலவு எவர்க்கும் வாய்ப்பதில்லை. வழி அடைபட்டபோது நின்று சிந்தித்தல் வேண்டும். அறிந்தாரை வினவுதல் வேண்டும். விடத்தக்கதை வருந்தாது விடுதல் வேண்டும். விடத்தகாததை உயிர்போல் காத்தல் வேண்டும். இந்நெறி, நாடு கடந்து செல்வார்க்கேயன்றிக் கல்வியை நாடிப் புறப்பட்ட ஒவ்வொரு மாணவர்க்கும் உரியதாகும்.