கல்லோயாப் பள்ளத்தாக்கு: பெயர் எழுதாத கைகள்

"வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு" என்று வாப்பா சொன்னால் எங்கள் வீட்டில் விதைப்புக் காலம் தொடங்கிவிடும். அந்தத் தண்ணீர் வரும் வழியை, உயர்தரத்தில் வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

பதுளைப் பக்க மலைகளில் பிறக்கும் கல்லோயா, 108 கிலோமீற்றர் ஓடி ஒலுவிலுக்கு அருகே கடலில் கலக்கிறது. தமிழில் இதன் பழைய பெயர் பட்டிப்பளை ஆறு.

மேற்கே நீலகலைப் பக்கத்துக் கற்குகைகளில் வேடர்கள் வாழ்ந்தார்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலில் அக்குகை ஓவியங்களை விவரிக்கிறார்கள். ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும் வேளையில், பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் வரைந்தவை அவை. குகைகளில் வாழும் வழக்கம் இலங்கையில் மிகத் தொன்மையானது. களுத்துறை மாவட்டத்தின் பாகியங்கலைக் குகையில் 48,000 ஆண்டுகள் பழைமையான எலும்பு அம்பு முனைகள் கிடைத்துள்ளன.

அம்பாறைக்கு வடக்கே இராஜகல மலையில் குகைகள் பிக்குகளின் உறைவிடங்களாயின. அங்குள்ள பிராமிக் கல்வெட்டொன்று மகிந்த தேரரின் பெயரைச் சொல்கிறது.

1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான். அன்று நாம் வாழும் இக்கரையோரமும் அப்பிரதேசத்தைச் சேர்ந்ததே.

1949 இல் கல்லோயாத் திட்டம் ஆரம்பமானது. இங்கினியாகலையில் அணை எழுந்து சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது. நமது வயல்கள் செழித்தன. ஆனால் வேடர்கள் வேட்டையாடிய, தேன் எடுத்த காடுகள் அந்நீரில் மூழ்கின. நம் சோற்றில் அவர்களின் இழப்பும் கலந்திருக்கிறது. இதை அறிந்த நாளில் வாய்க்காலைப் பார்க்க எனக்கு மனம் கனத்தது.

மன்னர்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம். சாம்பலால் வரைந்த பெண் தன் பெயரை எங்கும் எழுதவில்லை. என் உம்மம்மாவும் அப்படித்தான். அவர் இழைத்த பன்பாய் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் சொல்வார். நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

தோழிகளே, உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். பெற்றோரே, அவர்கள் கேட்கும்போது நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். நமது பள்ளத்தாக்கின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.