ஒரு பூவுக்கு நான்கு பெயர்

ஆண்டவர் படைத்த உயிர்களுக்கு ஆதாம் பெயரிட்டதாக ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அது எவ்வளவு கடினமான வேலை என்பதைச் சென்ற ஐப்பசியில்தான் நாங்கள் உணர்ந்தோம்.

ஆய்க்குடிக் குளக்கரை வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருந்த பூவொன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்றோம். செங்காந்தள் என்றாள் ஒருத்தி. கார்த்திகைப்பூ என்றாள் மற்றொருத்தி. "கண்வலிப்பூ! பார்த்தால் கண் வலிக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மூன்றாமவள். கிழங்கு கலப்பைபோல் இருப்பதால் தன் பாட்டி கலப்பைக்கிழங்கு என்பார்கள் என்றாள் இன்னொருத்தி. சிஸ்டர் சிரித்துக்கொண்டே கரும்பலகையில் 'குளோரியோசா சூப்பர்பா' என்று எழுதினார்கள்.

உலகெங்கும் இச்செடிக்கு இந்த ஒரே பெயர்தான். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் ஒவ்வொரு தாவரத்திற்கும் இரு சொற்களால் பெயரிட்டார். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். தந்தை பெயரை முன்னே வைத்து நம் பெயரை எழுதுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதுபோலத்தான். கையால் எழுதும்போது அடிக்கோடிட வேண்டும். (தேர்வில் இதை மறந்து மதிப்பெண் இழந்தோர் எங்களில் பலர்!)

இப்பெயர் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. இச்செடி முழுவதும் கொல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. அதுவே அளவோடு கொடுத்தால் மூட்டு நோய்க்கு மருந்து. இலங்கையில் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என்றெண்ணி உண்டு இறந்தோரும் உண்டு.

லத்தீன் என்று அஞ்ச வேண்டாம், தோழியரே! 'மொரிங்கா ஒலிஃபெரா' என்பதில் இருப்பது நம் முருங்கையே. ஒலிஃபெரா என்றால் எண்ணெய் தருவது.

சில பெயர்களில் மனிதர்களும் வாழ்கிறார்கள். 1830-களில் நம் குற்றால மலையில் செடிகள் சேகரித்த ஆங்கிலக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டின் பெயரால் 'வைட்டியா' என்னும் பேரினம் உள்ளது. அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் செடிக்கு 1853-இல் 'கோவிந்தூவியா' என்று பெயரிட்டு வைட் தம் ஓவியரைப் பெருமைப்படுத்தினார். ஆனால் அது, லிண்ட்லி என்பவர் 1833-இலேயே 'ட்ரோபிடியா' என்று பெயரிட்ட பேரினத்தைச் சேர்ந்தது எனப் பின்னர் தெரியவந்தது. முறையாக முந்தி வெளியான பெயரே செல்லும் என்பது விதி. கோவிந்துவின் பெயர் விலக்கப்பட்டது.

விதி நியாயமானதுதான். இல்லையேல் மறுபடியும் ஒரு பூவுக்கு நான்கு பெயராகிவிடும். என்றாலும் வகுப்பில் அன்று எங்களில் ஒருவரும் லிண்ட்லியின் பக்கம் பேசவில்லை.