தரகர் இல்லாமல் வீடு வாங்கலாம்

வீடு வாங்குவது பெரிய காரியம். பலருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் அது நடக்கும். சீட்டுப் போட்டு, நகையை விற்று, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் ஒரே நாளில் கை மாறிவிடும்.

வீடு வாங்க நினைத்ததும் நாம் தரகரைத் தேடுகிறோம். எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியும். விற்பவரையும் வாங்குபவரையும் அவர் சேர்த்து வைக்கிறார். அதற்குக் கூலி வாங்குகிறார். அதுதான் தரகு. கமிஷன் என்றும் சொல்வார்கள்.

தரகு பேச்சில் முடிவாவது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டின் விலை: ரூ.8,00,000
வாங்குபவர் தரும் தரகு: ரூ.16,000
விற்பவர் தரும் தரகு: ரூ.16,000
மொத்தம்: ரூ.32,000

இந்தப் பணத்தை மிச்சப்படுத்த முடியுமா? முடியும். தரகர் இருந்தால்தான் வீட்டை விற்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் தரகர் செய்யும் வேலையை நாம் செய்ய வேண்டும். அந்த வேலையில் பாதி நடப்பது. மீதிப் பாதி படிப்பது.

வீட்டைத் தேடுவது

வீடு தேடுவதை நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். டீக்கடை, ரேஷன் கடை, மகளிர் குழுக் கூட்டம் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். பிடித்த தெருவில் நீங்களே நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தண்ணீர் வருகிறதா? மழை பெய்தால் தெருவில் தேங்குகிறதா? அண்மையில் அங்கே விற்ற வீடு என்ன விலைக்குப் போனது? இவற்றைக் கேளுங்கள். அரசு வைத்துள்ள வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

படிக்க வேண்டிய தாள்கள்

1. விற்பவரின் பத்திரம். அசல் பத்திரத்தைக் கேளுங்கள். நகல் மட்டும் காட்டினால் காரணம் கேளுங்கள். அசலைக் கடனுக்காக யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கலாம்.

2. தாய்ப்பத்திரம். இது பழைய பத்திரம். விற்பவருக்கு முன்னால் வீடு யாருக்குச் சொந்தம், அவருக்கு எப்படி வந்தது என்று இது சொல்லும். சங்கிலி போல ஒவ்வொரு கையாக வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போகக் கூடாது.

3. வில்லங்கச் சான்று. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், தானம் எல்லாம் இதில் வரும். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். அடமானம் இருந்தால், கடன் தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகாத கைக்கடன் இதில் தெரியாது. அதனால்தான் அசலைக் கேட்கிறோம்.

4. பட்டா. இது வருவாய்த் துறை தருவது. பட்டா மட்டும் இருந்தால் போதாது. பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போக வேண்டும். சர்வே எண், பரப்பு இரண்டையும் ஒப்பிடுங்கள். எல்லையைப் பத்திரத்தில் செக்குபந்தி என்று எழுதியிருப்பார்கள். பிறகு இடத்துக்குப் போய் அளந்து பாருங்கள்.

5. வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் பவர் பத்திரத்தை மட்டும் காட்டி வீட்டை விற்க வருவார்கள். வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. உரிமையாளரையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

ஒரு பேச்சு

பூ விற்கும் ஒரு பெண் வீடு பார்க்கப் போனார். வீட்டுக்காரர் வயதானவர்.

"ஐயா, வீடு பிடித்திருக்கிறது. பத்திரத்தைக் காட்டுங்கள்."

"பார் தாயி. எங்கள் அப்பா வாங்கிய வீடு."

"பத்திரம் அப்பா பேரில் இருக்கிறதே. அவர் உயில் எழுதி வைத்தாரா?"

"இல்லை. திடீரென்று போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் ஒரே மகன். பட்டாவை என் பேருக்கு மாற்றிவிட்டேன்."

"உங்களுடன் பிறந்தவர்கள்?"

"ஒரு தங்கச்சி. திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்தோம். சீர் எல்லாம் செய்தாயிற்று."

"அப்படியென்றால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் ஐயா."

"அவள் பங்கு கேட்க மாட்டாள் தாயி."

"இன்றைக்கு அவர் கேட்க மாட்டார். நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்டால் நான் எங்கே போவேன்? அவரும் பத்திரத்தில் சேரட்டும். அதற்குப் பிறகு முன்பணம் தருகிறேன்."

அந்தப் பெண் கேட்டது நியாயம். தகப்பன் தானே சம்பாதித்த சொத்து. உயில் இல்லை. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. திருமணத்தால் அந்தப் பங்கு போகாது. மற்ற மதத்தினருக்கு வேறு வாரிசுச் சட்டங்கள் உண்டு. எந்தச் சட்டமானாலும், பங்கு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பணம் கொடுப்பது

வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் தராதீர்கள். ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் இந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். விலை, முன்பணம், மீதி தரும் நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீடு விற்பவர் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. இது 2015-ல் வந்த விதி. வங்கி மூலம் கொடுங்கள். அதுவே உங்களுக்குச் சாட்சி.

பதிவு செய்வது

ரூ.100-க்கு மேற்பட்ட எந்த வீட்டு விற்பனையையும் பதிவு செய்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. மேலே சொன்ன ரூ.8 லட்சம் வீட்டுக்கு ரூ.72,000 ஆகும். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுவார்கள். ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1 குறையும். இது 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அதாவது ரூ.8,000 மிச்சம்.

மிச்சமான தரகில் ஒரு பகுதியைச் செலவு செய்து, வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டுங்கள். பெண்களும், தாழ்த்தப்பட்டோரும், பழங்குடியினரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக யோசனை கேட்கலாம்.

பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

தரகர் வைத்து வாங்கினாலும் இந்தத் தாள்களைப் படித்தே ஆக வேண்டும். பின்னால் வில்லங்கம் வந்தால் வீட்டை இழப்பவர் தரகர் அல்ல, நாம்தான்.

பயிற்சி

1. வீட்டின் விலை ரூ.6,00,000. நூற்றுக்கு 2 தரகு என்றால் எவ்வளவு?
2. அந்தப் பெண் ஏன் தங்கையின் கையெழுத்தைக் கேட்டார்?
3. உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். அதில் நான்கு எல்லை எழுதிய இடத்தைத் தேடிப் படியுங்கள்.